மொழியியல் முதுகலைக்கு வெளிநாடு போகலாமா? சுங்கை சிப்புட் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் ஆறாம் படிவப் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு கலைந்த பிறகும் யாராவது ஒருவர் தூண் ஓரமாக நிற்பார். பாதி நாள் பிள்ளைகள், பாதி நாள் அவர்களுடைய அம்மாக்கள். நான் இந்த ஊர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். அப்பா பால் வெட்டினார். உள்நாட்டில் இளங்கலை முடித்து, சில ஆண்டுகள் வேலை பார்த்து, இங்கிலாந்தில் ஓராண்டு மொழியியல் முதுகலை படித்துத் திரும்பி வந்தேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணமும் விசா விதியும் அடிக்கடி மாறும். இங்கே வரும் எண்களைக் கணக்குப் போடத் தொடங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள்.

அக்கா, மொழியியல் என்றால் நிறைய மொழி கற்றுக்கொள்வதா?

இல்லை. பத்து மொழி பேசுகிறவர் மொழியியல் தெரியாதவராக இருக்கலாம். ஒரே மொழி பேசுகிறவர் நல்ல மொழியியலாளராக இருக்கலாம். மொழி எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. ஒலி வாயில் எங்கே பிறக்கிறது, சொல் எப்படிக் கட்டப்படுகிறது, வாக்கியம் எந்த ஒழுங்கில் நிற்கிறது, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், மொழி ஏன் மாறுகிறது, ஏன் மறைகிறது என்பவை இதன் கேள்விகள்.

நம் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். மலாயில் கிராமம் 'கம்போங்'. நம் தாத்தா பாட்டி அதைக் 'கம்பம்' ஆக்கினார்கள். 'கம்போங்குக்குப் போனேன்' என்று அவர்கள் சொல்லவில்லை, 'கம்பத்துக்குப் போனேன்' என்றார்கள். மரம் மரத்துக்கு ஆவதுபோல, குளம் குளத்துக்கு ஆவதுபோல, வந்த சொல்லும், பெயருக்கும் உருபுக்கும் நடுவில் சேரும் 'அத்து' என்ற சாரியையை ஏற்றுக்கொண்டது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்த விதியல்ல இது. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியின் தலைக்குள் தமிழ் இலக்கணம் அத்தனை துல்லியமாக வேலை செய்திருக்கிறது. ரப்பருக்கு மலாயில் 'கெத்தா'; நமக்கு அது 'கித்தா'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஆங்கிலப் 'பரேடு' நமக்குப் 'பெரட்டு'. இந்த மாற்றங்களில் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்து, அது உண்மைதான் என்று சான்று காட்டுவது மொழியியலாளர் வேலை.

கடன் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. மலாயின் 'கெடாய்', 'கப்பால்', 'காத்தில்', 'பெத்தி', 'மோடால்' எல்லாம் நம் கடை, கப்பல், கட்டில், பெட்டி, முதல் (மூலதனம்).

அப்படியானால் தமிழ் எம்.ஏ.வுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தமிழ் எம்.ஏ.வில் இலக்கியமும் இலக்கணமும் வரலாறும் படிப்பீர்கள். மொழியியலில் தமிழ் ஓர் எடுத்துக்காட்டு. பக்கத்திலேயே துருக்கியும் சுவாகிலியும் வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. இலக்கண வகுப்பு எது சரி என்று சொல்லித் தரும். மொழியியல் வகுப்பு, மக்கள் உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்னால் ஆசிரியர் திருத்துவார். மொழியியலாளர் யார் அப்படிச் சொல்கிறார்கள், எந்த வயதில், யார் முன்னால் என்று எண்ணத் தொடங்குவார். இரண்டும் தேவைதான். ஆனால் தோட்டத்துத் தமிழைக் கொச்சை என்று கேட்டே வளர்ந்த எனக்கு, அந்த இரண்டாவது பார்வை பெரிய விடுதலையாக இருந்தது.

தமிழைப் படிக்க வெள்ளைக்காரனிடம் போவானேன்? தொல்காப்பியத்திலேயே எல்லாம் இருக்கிறதே?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் நா எங்கே தொடுகிறது, இதழ் எப்படி இயைகிறது என்று ஒவ்வொரு ஒலிக்கும் சொல்லியிருக்கிறது. ஒலிப்பியல் வகுப்பின் முதல் வாரத்தில் வாயின் படத்தைப் பலகையில் வரைந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவளுக்கு வியப்பு, எனக்கோ அதை விளக்க முடிந்ததில் நிறைவு.

ஆனாலும் போகத்தான் சொல்வேன். தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் ஒரே வேர், அது வடமொழி வேர் அல்ல என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சென்னையில் சான்றுகளோடு எழுதியது 1816இல். அதே 1816இல்தான் பினாங்கில் ஒரு பள்ளியில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று நாம் நம் தமிழ்க் கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. பரோ, எமனோ என்ற மொழியியலாளர்கள் இருவரும் திராவிட வேர்ச்சொல் அகராதியை 1961இல் வெளியிட்டார்கள். இவர்கள் தமிழை நம்மைவிட நேசித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அவர்களிடம் இருந்தது. முறை யாருடைய சொத்தும் இல்லை, கற்றுக்கொண்டால் நம்முடையது.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தபோதுதான், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்களையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துத் தமிழைப் பேசச் செய்தார் அவர். அந்த மாநாடு சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நடப்பதற்கு முன்பே நம் நாட்டில் நடந்தது.

வெளிநாடு என்றால் இங்கிலாந்து மட்டும்தானா என்றும் யோசியுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியல் உயராய்வு மையம் அறுபதாண்டு கடந்தது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் இருக்கிறது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இருக்கிறது. திராவிட மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், லண்டனைவிடச் சிதம்பரம் பொருத்தமாக இருக்கலாம். செலவும் பல மடங்கு குறைவு.

நான் மொழியியல் படித்ததே இல்லை. கல்வியியல் பட்டம்தான். சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள், சரியான படிப்பைத் தேர்ந்தெடுத்தால். முதுகலை இரண்டு வகை. ஒன்று, வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு அடிப்படையிலிருந்து தொடங்குவது. இன்னொன்று, இளங்கலையிலேயே மொழியியல் முடித்தவர்களுக்கானது. படிப்பின் பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நுழைவுத் தகுதிப் பகுதியைப் படிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பித்தல் தொடர்பான சில படிப்புகள் முன் ஆசிரியப் பணி அனுபவத்தையும் கேட்கும். நம் ஊர் ஆசிரியர்களிடம் அது தாராளமாக இருக்கிறது.

நோக்கக் கடிதம் எழுதும்போது 'சிறு வயதிலிருந்தே எனக்கு மொழிகள் மீது ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். ஆயிரம் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். 'என் பாட்டி கம்பத்துக்கு என்று சொல்வார், அந்த அத்து எங்கிருந்து வந்தது' என்று தொடங்குங்கள். என் மாணவி ஒருத்தி தன் வீட்டில் அம்மா தமிழிலும், அண்ணன் மலாய் கலந்தும், தம்பி ஆங்கிலத்திலும் சாப்பாட்டு மேசையில் பேசுவதை அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அதைவிட நல்ல விண்ணப்பத்தை நான் படித்ததில்லை. லயத்திலும் தாமானிலும் (புதிய வீடமைப்புப் பகுதியிலும்) வளர்ந்த பிள்ளைகளின் காதில் மூன்று நான்கு மொழிகள் நாள்தோறும் விழுகின்றன. அதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கைமுதல் அதுதான்.

எந்தப் பிரிவை எடுப்பது?

உங்களை உறுத்தும் கேள்வி எதுவோ அது காட்டும் பிரிவை. நாட்டையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ முதலில் முடிவு செய்துவிட்டுப் பிரிவைத் தேடினால் பணம் வீணாகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வீடுகளில் தமிழ் ஏன் குறைகிறது என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால், அது சமூக மொழியியல். அந்தத் துறையில் அமெரிக்க மொழியியலாளர் லாபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்த ஆய்வு எனக்கு இன்றும் பிடித்தது. சாக்ஸ், மேசிஸ், கிளைன் என்று மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மக்கள் போகும் மூன்று கடைகளுக்குள் நுழைந்தார். நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களைக் கேட்டார். 'நான்காம் மாடி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களில் ரகரத்தை ஒலிக்கிறார்களா என்று கவனித்தார். காதில் விழாததுபோல் இன்னொரு முறை கேட்டு, அழுத்திச் சொல்லும்போது மாறுகிறதா என்றும் பார்த்தார். மேல்தட்டுக் கடையில் ரகரம் கூடுதலாக ஒலித்தது. செலவே இல்லாத ஆய்வு. நம் ஊரில் காலைச் சந்தையிலும், கோயிலிலும், துணிக்கடையிலும் 'பழக்கடை எங்கே இருக்கிறது?' என்று கேட்டு ழகரத்தை எண்ணினால் ஓர் ஆய்வேடு பிறக்கும். யாராவது செய்யுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

மறையும் மொழிகளைப் பதிவு செய்வது ஆவணப்படுத்தும் மொழியியல். நம் ஊரை அடுத்த லாசா பக்கம் மேலே போனால் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். சந்தைக்கு அவர்கள் கொண்டுவரும் பெத்தாய்க் காய் நமக்குத் தெரியும். அவர்கள் மொழி கம்போடியாவின் கெமெருக்கும் வியட்நாமிய மொழிக்கும் உறவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2018 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் தீபகற்பத்தின் வடக்கே ஜஹாய் மொழியை ஆராயப் போன இடத்தில், அதே குடியிருப்பில் சிலர் வேறு மாதிரி பேசுவதைக் கவனித்தார்கள். அது யாரும் அதுவரை பதிவு செய்யாத தனி மொழி, பெயர் ஜெடெக், பேசுவோர் ஏறத்தாழ 280 பேர். அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவர்களின் காதில் அது விழுந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் அருகிலேயே இருக்கிறோம்.

கணினி தெரிந்தவர்களுக்குக் கணினி மொழியியல் உண்டு. கற்பித்தலில் இருப்பவர்களுக்குப் பயன்பாட்டு மொழியியல். மருத்துவ மொழியியல் என்றும் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு எச்சரிக்கை. பேச்சுக் குறைபாட்டை ஆராயும் முதுகலை வேறு, பேச்சுச் சிகிச்சையாளராகப் பணிபுரியத் தகுதி தரும் படிப்பு வேறு. சேரும் முன் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எந்த நாட்டில் எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் 12 மாதம், 180 கிரெடிட். செப்டம்பரில் தொடங்கி, இரண்டு பருவம் வகுப்பு, கோடையில் ஆய்வேடு. வேகமாக முடியும், ஆனால் மூச்சுவிட நேரமிருக்காது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் உயர்வு. அதோடு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்ட் கட்ட வேண்டும். விசாக் காலம் படிப்பைவிடச் சில மாதம் நீளும் என்பதால் அதற்கும் சேர்த்து வசூலிப்பார்கள். பலர் இதைக் கணக்கில் விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் அலைகிறார்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழையும் மறக்காதீர்கள்.

ஜெர்மனியில் இரண்டாண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சிறு தொகை மட்டும். பாடன்-வூட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு: 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. டூபிங்கன், ஹைடல்பெர்க், கான்ஸ்டன்ஸ் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. கட்டணம் இல்லை என்பதால் பணமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுப் பணத்தை ஒரு தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. உங்கள் பணம்தான், மாதாமாதம் பிரித்துத் தருவார்கள். ஆனால் புறப்படும் முன் கையில் இருந்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியா நமக்கு அருகில், விமானச் செலவு குறைவு. ஆனால் மாணவர் விசாக் கட்டணம் மட்டுமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது.

வேலை செய்துகொண்டே படித்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாமா?

முடியாது. சாப்பாட்டுச் செலவுக்கு உதவும், அவ்வளவுதான். பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். வரம்பை மீறினால் விசா போகும்.

உபகாரச் சம்பளம் கிடைக்குமா?

மொழியியலுக்கென்று தனியாக நிறைய இல்லை. பொதுவாக இருப்பவற்றில் போட்டியிட வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஓராண்டு முதுகலையின் முழுச் செலவையும் ஏற்கும். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டாண்டு நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். அதனால் பட்டம் வாங்கிய கையோடு போடாதீர்கள். இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் போடுங்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைகளில் தேர்வானால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். இரண்டு மூன்று நாடுகளில் மாறிமாறிப் படிப்பீர்கள். மொழித் தொழில்நுட்பம், அகராதியியல் ஆகியவற்றுக்கு அந்த வகைப் படிப்புகள் வந்திருக்கின்றன. இந்தியாவில் படிக்க அந்நாட்டுக் கலாச்சார உறவுக் கழகத்தின் உதவித்தொகை உண்டு. நம் அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உள்நாட்டுக் கல்விக்கு மட்டுமே.

அப்பாவின் சேமநிதியை எடுக்கலாமா?

எடுக்க வழி இருக்கிறது. ஊழியர் சேமநிதி வாரியத்தின் கல்விக்கான மீட்பு, பிள்ளைகளின் உயர்கல்விக்கும் பொருந்தும். 2024 மே மாதத்திலிருந்து அது சேமநிதியின் 'செஜாத்ரா' என்ற பிரிவுக் கணக்கிலிருந்து வருகிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், முழுவதையும் எடுக்க வேண்டாம். தோட்டத்தில் முப்பது ஆண்டு முதுகு வளைந்தவரின் சேமநிதி எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். தோட்டம் கை மாறும்போது லயத்தையும் விட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள் நம் பெற்றோர். தாமான் வீட்டை அடகு வைத்துப் போக நினைத்த ஒரு தம்பியை நான் தடுத்தேன். அவர் இரண்டாண்டு வேலை பார்த்துச் சேர்த்தார், பாதி உதவித்தொகை வாங்கினார், பிறகு போனார். இரண்டாண்டு தள்ளிப்போனதால் அவர் எதையும் இழக்கவில்லை.

பணத்தைப் பற்றி இன்னொன்று. பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். உறவினரிடம் வாங்கி ஒரே வாரத்தில் போட்டு எடுப்பது உதவாது.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எத்தனை வேண்டும்? நம் நாட்டு மூவெட் ஆங்கிலத் தேர்வு போதாதா?

மொழியியலுக்கு வழக்கமாக 6.5 அல்லது 7. எழுத்துப் பகுதிக்குத் தனி வரம்பு இருக்கலாம். மதிப்பெண் இரண்டாண்டு செல்லும். மூவெட்டைச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் இடத்தை முடிவு செய்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

என் பெயரில் 'அனாக் பெரெம்புவான்' (இன்னாரின் மகள்) என்பதைக் குறிக்கும் 'A/P' கோடு இருக்கிறதே, படிவத்தில் குடும்பப் பெயர் என்ன எழுதுவது?

சின்ன விஷயம்போல் தெரியும். நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். நம் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) பெயர் ஒரே வரியில் இருக்கிறது, குடும்பப் பெயருக்குத் தனி இடம் இல்லை. வெளிநாட்டுப் படிவமோ இரண்டு கட்டம் கேட்கும். நடுவிலுள்ள சாய்கோட்டைக் கணினி ஏற்காது. பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, தேர்வுச் சான்றிதழில் ஒரு மாதிரி, விமானச் சீட்டில் இன்னொரு மாதிரி என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வங்கிக் கணக்கு திறக்கவே மூன்று வாரம் ஆனது.

முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், உங்கள் பெயரை மற்றதிலும் இட்டு, கடப்பிதழ் நகலோடு பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்கள் உங்களை அப்பா பெயரால் அழைத்தால், முதல் வகுப்பிலேயே தயங்காமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

டீச்சர், எனக்கு ஒரே மகள். தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயம், அம்மா. என் அம்மாவும் ஈப்போ ரயில் நிலையம் வரை வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். முதல் ஆண்டு மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் விடுதி அறைக்கு உறுதி தருகின்றன, குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தால். அந்த நாளைத் தவறவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். பெரிய நகரங்களில் மலேசிய மாணவர் சங்கமும் கோயிலும் இருக்கும். நம் காலை அவர்களுக்கு நள்ளிரவு. நீங்கள் 'பசியாறிட்டியா' என்று கேட்கும்போது அவள் தூங்கப் போவாள். அழைக்கும் நேரத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராத இரவுகளின் பாதிப் பயம் அதில் தீரும்.

வகுப்பு எப்படி இருக்கும்?

முதல் மாதம் கடினம். நம் பள்ளிகளில் ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொள்வோம். அங்கே வாரத்துக்கு நான்கைந்து கட்டுரை படித்துவிட்டு வந்து, அதில் எது ஏற்க முடியாதது என்று பேச வேண்டும். நான் ஆறு வாரம் வாய் திறக்கவில்லை. திறந்தது இரட்டை வழக்கு பற்றிய வகுப்பில். ஒரே சமூகத்தில் மேல் வழக்கு, தாழ் வழக்கு என இரண்டு இருப்பதைப் பற்றி மொழியியலாளர் பெர்கூசன் 1959இல் எழுதிய கட்டுரையில் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகிய நான்கை விரிவாக எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வானொலிச் செய்தி ஒரு தமிழ், அம்மா பேசுவது ஒரு தமிழ் என்று சொன்னேன். அடுத்த வாரம் பத்து நிமிடம் எனக்குத் தந்தார்கள்.

களமுறை வகுப்பு என்று ஒன்று இருந்தால் விடாமல் எடுங்கள். யாருக்கும் தெரியாத மொழி பேசும் ஒருவர் வாரந்தோறும் வந்து உட்காருவார். கேள்வி கேட்டுக் கேட்டே அந்த மொழியின் இலக்கணத்தை மாணவர்கள் எழுத வேண்டும். நூலில் படித்ததெல்லாம் அங்கேதான் கைக்குள் வரும்.

ஊர் மக்களைப் பதிவு செய்து ஆய்வேடு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்தபிறகு. சொந்தப் பாட்டியாக இருந்தாலும் எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்று விளக்கி இசைவு பெற வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் குரலிலேயே இசைவைப் பதிவு செய்யலாம். ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களுக்குப் போவதற்கு, அவர்களுக்கான அரசுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதியும், அந்தக் கிராமத் தலைவரின் மனமொப்பலும் வேண்டும். எடுத்த பதிவின் ஒரு படியை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

திரும்பி வந்தால் என்ன வேலை?

நேராகச் சொல்கிறேன்: 'மொழியியலாளர் தேவை' என்று நம் ஊரில் விளம்பரம் வராது. மொழிபெயர்ப்பு, பாடநூல் தயாரிப்பு, அகராதிப் பணி, ஊடகம், தனியார் கல்லூரி விரிவுரை, கணினி நிறுவனங்களின் மொழித்தரவு வேலை என்று பிரிந்து கிடக்கிறது. முனைவர் பட்டம் தொடர்வோரும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கு முதுகலை மட்டும் போதாது, கல்வியியல் தகுதி வேண்டும். அரசுப் பணியைக் கருதுபவர்கள், பணம் கட்டும் முன்பே அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மலேசியத் தகுதி நிறுவனத்தின் (எம்.க்யூ.ஏ.) இ-சிஸ்ராப் தளத்தில் பாருங்கள். என்னோடு படித்த ஒருவர் இதைத் திரும்பி வந்தபிறகு பார்த்தார். ஓராண்டு கடிதப் போக்குவரத்திலேயே போனது.

எப்போது தொடங்க வேண்டும்?

செப்டம்பர் சேர்க்கைக்கு, முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே. உதவித்தொகை விண்ணப்பங்கள் அப்போதுதான் திறக்கும், பல்கலைக்கழகத்துக்கு முன்பாகவே மூடிவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் விரிவுரையாளருக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். உங்கள் கட்டுரை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், நினைவுபடுத்திக்கொள்வார்.

அதுவரை ஊரில் இருந்தபடி என்ன செய்யலாம்?

அனைத்துலக ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒலியை அளக்கும் பிராட், பதிவை எழுத்தாக்க உதவும் ஈலான் இரண்டும் இலவச மென்பொருள். வீட்டுக் கணினியில் இறக்கிப் பழகுங்கள்.

பிறகு பாட்டியிடம் உட்காருங்கள். கைப்பேசி போதும், ஆனால் பதிவை வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சுருக்கிய கோப்பில் நுண்ணிய ஒலிகள் போய்விடும். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் சுருங்கிவிடும், கம்பியில் இணைத்து எடுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். தகரக் கூரை வீடானால் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். பெரட்டுக் களத்தில் முதல் நாள், ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), தீம்பார் (ரப்பர்க் காடு) வேலை என்று அவருக்குப் பிடித்ததைக் கேளுங்கள், இடையில் திருத்தாதீர்கள். முடிந்ததும் நாள், ஊர், பேசியவரின் வயது, எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பதை ஒரு நோட்டில் குறித்து, கோப்பின் பெயரிலும் நாளைச் சேர்த்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.